அமைதிப் பெட்டியில் ஆறு செய்திகள்

நாள் 112. இந்திய நேரம் 07:10

பிராணவாயு 98 சதவீதம். தண்ணீர் 340 லிட்டர். உள்வெப்பம் 22 டிகிரி. நேற்று வந்த குறுஞ்செய்திகள் நான்கு.

இந்தப் பதிவை யார் எடுத்துப் படிப்பீர்களோ தெரியாது, அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் ஜெபசிங், தொடர்புப் பொறியாளன், சொந்த ஊர் நாசரேத். நிலவின் தென்முனையில் இருக்கும் இந்த நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். இன்னொருவர் உமையாள், உறைபனி ஆராய்ச்சியாளர், காரைக்குடிப் பெண். என்னை அண்ணே என்பாள். நான் கிண்டல் செய்வேன், அவள் இரண்டு மடங்காகத் திருப்பித் தருவாள்.

நிலையத்துக்கு ஒரு தொலைபேசி எண் உண்டு. சிம் அட்டை இல்லாத, இணையம் வழியாக இயங்கும் பத்து இலக்க எண். ஊரில் யாரும் சாதாரணக் கைப்பேசியிலிருந்து செய்தி அனுப்பினால் இங்கே என் மணிக்கட்டுப் பட்டை அதிரும். இரண்டு வீட்டாருக்கும் இதுதான் எண். அவசரத்துக்கும் இதுதான் எண். வெளியே ஓட்டிப்போகும் ரோவர் வண்டியின் பெரிய ஆண்டெனா செத்துப்போனால், வெளியே இருப்பவர் துணைக்கோள் வழியாக இதற்கு எழுத்தில் செய்தி அனுப்பலாம். அதனாலேயே நெருங்கிய குடும்பம் தவிர வேறு யாருக்கும் எண்ணைத் தரக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

நாள் 118. 09:30

எல்லாம் சீர். அக்காவிடமிருந்து செய்தி:

"ஏலே ஜெபா, ஷெரின் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுக்கோம். மாமாமாரு எல்லாருக்கும் பேருக்குக் கீழ நம்பர் போட்டிருக்கு. ஒனக்கு மட்டும் இல்லன்னா நல்லாவா இருக்கும்? அத்தான் கேக்காவ."

பியூலா அக்காவின் மகள் ஷெரின். நான் ஒரே தாய்மாமன் இல்லை, ஆனால் சபையில் என் பெயரைத்தான் முதலில் வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். விதிப்படி நான் கூடாது என்று எழுதியிருக்க வேண்டும். "போடுங்க" என்று எழுதினேன். மாலையில் பத்திரிகையின் படம் வந்தது. "பெண்ணின் தாய்மாமன்: ஜெபசிங், தென்முனை நிலையம், நிலவு." கீழே எண். மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். உமையாளிடம் காட்டவில்லை.

நாள் 121. 14:00

இன்று மதியத்துக்குள் 263 செய்திகள்.

பத்திரிகையை யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். திருச்செந்தூரிலிருந்து ஒருவர் அங்கே சாம்பார் கிடைக்குமா என்கிறார். ஒரு பள்ளிக்கூடம் ஆண்டுவிழாவுக்கு அழைக்கிறது. மகனுக்கு வேலை கேட்டு ஒருவர் படிப்புச் சான்றிதழ் முழுவதையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். காலை வணக்கம் ரோஜாப்பூக்கள் மட்டும் நாற்பத்தொன்று. பட்டை அதிர்ந்து அதிர்ந்து கை சிவந்துவிட்டது.

எண்ணின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இப்படி மாற்றினேன். சேமித்த எண்களிலிருந்து வந்தால் மட்டும் அதிரும். மற்றவை ஓசையில்லாமல் 'அமைதிப் பெட்டி' என்ற இடத்தில் போய் விழும். அனுப்பியவர் மனம் நோகக்கூடாது என்று தானியங்கிப் பதிலும் எழுதி வைத்தேன்: "தங்கள் செய்தி கிடைத்தது. மிக்க மகிழ்ச்சி. விரைவில் நேரில் சந்திப்போம். – ஜெபசிங்."

கல்யாண வீட்டுக்கு ஏற்ற மாதிரி நன்றாக வந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

நாள் 124. 08:00

நிம்மதி. பட்டை இரண்டே தடவை அதிர்ந்தது.

உமையாள் முதல் ரோவரில் மூன்றாம் பள்ளத்துக்குக் கிளம்பினாள். ஆறு நாள் வேலை. சூரியனே எட்டாத பள்ளம் அது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் குரலில் பேசுவோம். பள்ளத்தின் விளிம்பில் கதகதப்பும் காற்றும் உள்ள அவசரக் கூண்டு ஒன்று நிற்கிறது.

புறப்பாட்டுப் பட்டியலில் பதினேழாவது வரி: "நிலைய எண்ணின் எல்லா அறிவிப்புகளும் ஒலிக்கின்றனவா?" ஆம் என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். அமைதிப் பெட்டியைத் தினம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போயிற்று என்று நினைத்தேன். அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் பத்திரிகைக் கதையையும் சொல்ல வேண்டிவரும்.

நாள் 127. 12:41

காலை ஆறு மணிக்குப் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள்.

சற்றுமுன் அக்காவிடமிருந்து: "சாமுவேல் பெரியப்பா மூணு மட்டம் வாழ்த்து அனுப்பியும் ஒரே பதிலையே அனுப்புதியாம். கோவத்துல இருக்காவ. பெரிய மனுசனாயிட்டான்னு சொல்லுதாவ."

பெரியப்பாவைச் சமாதானப்படுத்தத்தான் அமைதிப் பெட்டியைத் திறந்தேன். மூன்று நாளாகத் திறக்கவில்லை. 619 செய்திகள். பெரியப்பாவைத் தேடிக்கொண்டே மேலிருந்து கீழே தள்ளினேன். நடுவில், தெரியாத எண்ணிலிருந்து ஒன்று:

"அண்ணே ஏதாவது எழுதுங்க. வேற ஏதாவது."

அவசரச் செய்தி துணைக்கோள் வழியாக வரும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணிலிருந்து வரும். சேமித்து வைக்கவே முடியாது. இது எனக்குத் தெரியும். பயிற்சியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

நாள் 127. 12:58, இரண்டாம் ரோவர், குரல்வழிப் பதிவு

கிளம்பிவிட்டேன். இந்த வண்டியின் வேகத்துக்கு நான்கு மணி நேரம். பூமியிலிருக்கும் தரை நிலையத்துக்குச் சொல்லியாகிவிட்டது. என்ன சொன்னேன் என்பது கீழே.

அவள் அனுப்பியவை ஆறு. வந்த வரிசையிலேயே தருகிறேன். ஒவ்வொன்றுக்கும் என் பெயரில் அதே தானியங்கிப் பதில் அடுத்த நொடியே போயிருக்கிறது.

06:22. "அண்ணே, ரோவர் சரிஞ்சு ஒருபக்கமா சாஞ்சிருச்சு. ஆண்டெனா ஒடிஞ்சிருச்சு, ஹீட்டரும் நின்னுருச்சு. எனக்கு அடி இல்ல. கூண்டு மூணு கிலோமீட்டர். நடந்துரவா, இல்ல நீங்க வர்றீங்களா?"

06:30. "மகிழ்ச்சியாம்ல. வாங்க, நேர்ல வச்சுப் பேசிக்கிறேன் உங்கள. சரி, நான் நடக்கல. இங்கயே இருக்கேன்."

08:05. "எங்க வந்துட்டிருக்கீங்க?"

09:50. "அதையே திருப்பி அனுப்புறீங்க. ஓட்டிக்கிட்டே டைப் அடிக்க முடியல போல. பரவால்ல, பாத்து வாங்க."

11:15. "இடது கால்ல உணர்ச்சி இல்லண்ணே. உடையில சூடு கொறையுது. இனி நடந்தா கூண்டு வரைக்கும் தாங்காது."

12:20. மேலே சொன்னது.

06:22க்கு அவள் உடையில் சூடும் காற்றும் முழுசாக இருந்தன. நடந்திருந்தால் ஏழரைக்கெல்லாம் கூண்டில் உட்கார்ந்து காப்பி குடித்திருப்பாள். என் பதிலை நம்பி நடக்காமல் இருந்துவிட்டாள்.

நாள் 127. 13:20, குரல்வழிப் பதிவு

12:44க்கு நான் அவளுக்கு எழுதியதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் "உமையா, இப்பத்தான் பாத்தேன்" என்று எழுதினேன். அதை அழித்தேன். "வந்துட்டே இருக்கேன் தாயி. இன்னும் நாலு மணி நேரம்" என்று அனுப்பினேன்.

அவள்: "நாலா? காலையிலேயே கெளம்பிட்டீங்கல்ல?"

நான்: "வழியில வண்டி மக்கர் பண்ணிருச்சு. சரி பண்ணிட்டேன்."

அவள்: "அப்ப நீங்களும் மாட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்களா. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சுக்கங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

உண்மை தெரிந்தால் மனம் உடைந்துவிடுவாள், அதற்காகத்தான் பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படியானால் தரை நிலையத்திடமும் ஏன் வண்டி பழுது என்று சொன்னேன்? அவர்கள் யாரும் குளிரில் உட்கார்ந்திருக்கவில்லையே.

நாள் 127. 15:35

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதச் சொல்லியிருந்தேன். "இருக்கேன்" என்று எழுதுவாள். 15:05க்குப் பிறகு வரவில்லை.

வேகம் கூட்ட முடியவில்லை. கூட்டினால் கவிழும். கவிழ்ந்தால் இரண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். வாய்விட்டு வைகிறேன், வண்டியை, என்னை, பத்திரிகை அடித்த அச்சகத்தை. அச்சகம் என்ன பாவம் செய்தது.

ஆண்டவரே அவள் எழுதட்டும். ஒரு எழுத்து போதும்.

நாள் 127. 16:52

இருக்கிறாள். மூச்சு இருக்கிறது. தூக்கி வண்டிக்குள் போட்டேன். கையுறைக்குள் விரல்கள் வெள்ளை. கால் பார்க்க முடியவில்லை, பூட்ஸ் கழற்ற வரவில்லை. திரும்புகிறேன்.

நாள் 128. 10:15

நிலையம். பிராணவாயு, தண்ணீர் எல்லாம் இருக்கின்றன. எண்களை எழுத மனமில்லை.

உமையாளுக்கு நினைவு வந்துவிட்டது. இடது காலில் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன. வலது கை விரல்கள் முழுக்கக் கொப்புளம். தரையிலிருக்கும் மருத்துவர் படம் பார்த்துச் சொன்னது: "கால் விரல்களை இப்போதைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். கட்டை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தொற்று மேலே ஏறினால் பாதமே போகும்." பூமியிலிருந்து அடுத்த விண்ணோடம் வர ஐம்பத்தெட்டு நாள்.

கட்டு மாற்றும்போது அவள் கத்துவதில்லை. என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள்.

எண்ணின் அமைப்புகளைப் பழையபடி மாற்றினேன். எல்லாம் ஒலிக்கிறது. அடிக்கொருதரம் ரோஜாப்பூ.

நாள் 130. 11:30

தரை நிலையம் உமையாளிடம் வாக்குமூலம் வாங்கியது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் சொன்னது பதிவில் இருப்பது அப்படியே:

"அண்ணன் ஒரு நொடி கூட தாமதிக்கலங்க. நான் செய்தி போட்ட ஒடனே பதில் வந்துச்சு. அவர் வண்டியும் நின்னுபோயிருக்கு, அதச் சொன்னா நான் பயந்துருவேன்னு சொல்லாம மறச்சிருக்காரு. அந்தப் பதில் மட்டும் வரலன்னா நான் பயத்துலயே செத்திருப்பேன்."

அதற்கு அவர்கள்: "ஜெபசிங் அவர்களின் பெயரைப் பாராட்டுப் பட்டியலுக்குப் பரிந்துரைக்கிறோம்."

அக்காவுக்கும் செய்தி எட்டிவிட்டது. "கோயில்ல ஒனக்காவ ஜெபம் பண்ணுனாவ தம்பி. பெரியப்பாவே அழுதுட்டாவ."

இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அமைப்புப் பக்கத்தில் மாற்றங்களின் வரலாறு என்று ஒன்று இருக்கிறது. அதை அழிக்கும் அதிகாரம் இந்த நிலையத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு, அது நான். இரண்டாம் ரோவரின் ஓட்டப் பதிவையும் நான்தான் அனுப்ப வேண்டும். நேற்று அழிக்கும் பொத்தான் வரை போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் போனேன். பக்கத்து அறையிலிருந்து அவள் தண்ணீர் கேட்டாள். எழுந்து போய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, உங்கள மாதிரி ஒரு ஆள் கூட இருக்கறது என் அதிர்ஷ்டம் என்றாள்.

என்னால் இனி முடியாது.

நாள் 131. 09:40

நாள் 112 முதல் இந்த வரி வரை முழுப் பதிவையும் தரை நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். அமைப்பு மாற்றங்களின் வரலாறும், ரோவர் ஓட்டப் பதிவும், நான் கையெழுத்திட்ட பட்டியலும் சேர்த்து.

உமையாளிடம் வாயால் சொல்லத்தான் போனேன். ஆறு மணிக் கட்டை மாற்றினேன். பஞ்சு, மருந்து, துணி என்று மூன்று தடவை தொண்டையைச் செருமினேன். என்னண்ணே சளியா என்று கேட்டாள். சொல்ல வரவில்லை. கோழை. வெளியே வந்து, இதே பதிவை அவள் திரைக்கு அனுப்பினேன்.

நாள் 131. 10:25

தரை நிலையத்திலிருந்து: "உங்கள் பதிவு பெறப்பட்டது. விசாரணை பின்னர். ஓடத்தை முன்கூட்டி அனுப்ப வழியில்லை. அதுவரை நோயாளியின் பராமரிப்பு உங்கள் பொறுப்பு."

உமையாள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த நிலையத்தில் இருப்பது இரண்டு அறைகள், நடுவில் ஒரு தகரக் கதவு.

நாள் 131. 11:10

பட்டை அதிர்ந்தது. பத்தடி தூரத்திலிருந்து உமையாள்:

"படிச்சிட்டேன். உள்ள வராதீங்க."

ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று:

"கட்டு நானே மாத்திக்கிறேன்."

மாற்ற முடியாது. வலது கையில் ஒரு விரல்கூட மடங்காது. இடது கட்டைவிரலால்தான் இதையும் எழுதியிருப்பாள்.

நாள் 131. 12:45

கட்டு மாற்றும் நேரம் தாண்டி முக்கால் மணி. மருந்துத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

உள்ளே கத்தரிக்கோல் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கிறாள். மறுபடியும் விழுந்தது.

அழுகிறாள். எனக்குக் கேட்கக்கூடாது என்று எதையோ கடித்துக்கொண்டு அழுகிறாள்.

கையை உயர்த்திப் பட்டையைப் பார்த்தேன். எல்லா அறிவிப்புகளும் திறந்தே இருக்கின்றன.

அவள் கூப்பிடவில்லை.