கரண்ட் போனால் கேட்கும் மூச்சு

அன்புள்ள பூங்கொடிக்கு,

கரண்ட் போயிருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காலையிலேயே போய்விட்டது, சாயங்காலம்தான் வருமாம். விசைத்தறிகள் எல்லாம் நின்றுவிட்டன. நீ இருந்திருந்தால் இந்நேரம் கையில் காப்பியோடு வந்து, "ஏனுங்க, இப்பவாச்சும் நாஞ் சொல்றது கேக்குதுங்களா?" என்று ஆரம்பித்திருப்பாய்.

எனக்குக் கடிதம் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். கல்யாணம் நிச்சயமான பிறகு சத்தியமங்கலத்துக்கு ஒரே ஒரு கடிதம் போட்டேன். அதைப் படித்துவிட்டு, "நூல் யாவாரிக்கு எழுதறாப்ல எழுதியிருக்கீங்க" என்று சிரித்தவள் நீ. இதுவும் அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

பாப்பா என் பக்கத்தில் பாயில் மல்லாக்கப் படுத்துத் தூங்குகிறாள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் 'கொர்ர்' என்று ஒரு சத்தம். விடும்போது இல்லை, இழுக்கும்போது மட்டும். பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பேனாவை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்க்கிறேன்.

இந்தச் சத்தத்தைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். வேறு யாரிடம் பேசுவேன்?

நீ காட்டோரத்து ஊரில் பிறந்தவள். சோமனூருக்கு வாழ வந்த முதல் வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் நம் தறிக்குடோன் இரவு பகலாக ஓடுவதைக் கேட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எங்கள் ஊரில் எல்லாரும் கத்திப் பேசுவோம். கத்தியும் கேட்காவிட்டால் கையாலும் உதட்டாலும் பேசிக்கொள்வோம். உனக்குக் கத்த வரவேயில்லை. உன் 'ஏனுங்க' என் காதில் விழவேண்டுமென்றால் தறி நிற்க வேண்டும்.

அதனால் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வாய். பல்பைக் காட்டி விரலைச் சுண்டுவாய். கரண்ட் போனதும் சொல்கிறேன் என்று அர்த்தம். கரண்ட் போய்விட்டால் ஊரே கரண்ட் ஆபீஸைத் திட்டும், நீ மட்டும் முகமெல்லாம் பல்லாக வந்து உட்காருவாய். கரண்ட் ஆபீஸ்காரன் புண்ணியத்தில் குடும்பம் நடத்துகிறோம் என்று உன்னைக் கேலி செய்வேன். நம் வாழ்க்கையில் நாம் பேசிய பேச்சில் முக்கால்வாசி அந்த இருட்டில் பேசியதுதான்.

உனக்கு அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பவில்லை. பாப்பா இங்கேயேதான் பிறந்தாள். அவள் பிறந்த பிறகு உனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பாப்பாவைத் தூளியிலிருந்து எடுத்து, அவள் நெஞ்சில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் குடோனிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன என்று கையால் கேட்பேன். நீ பல்பைக் காட்டி விரலைச் சுண்டுவாய். கொஞ்சிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு நான் தறிக்குத் திரும்பிவிடுவேன்.

அந்த மாதம் பார்த்துக் கரண்ட் போகவேயில்லை. துணிக்கு நல்ல கிராக்கி, ஊரே சந்தோஷமாக இருந்தது. பிறகு உன் கண் மஞ்சளாகி, சோறு பிடிக்காமல் போய், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனபோது உனக்குப் பேச்சே குழறிவிட்டது. நீ திரும்பி வரவில்லை.

நீ என்ன சொல்ல வைத்திருந்தாய், பூங்கொடி?

உன் காரியம் முடியும்வரை பாப்பாவைப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். அங்கேயும் தறிதான். அதற்குப் பிறகு காரமடையிலிருந்து என் அக்கா சரசு வந்து பாப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டது. உனக்கும் அக்காவுக்கும் அவ்வளவாக ஒட்டாது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன். தன் வீட்டை மாமாவிடம் விட்டுவிட்டு வந்து, டப்பா பால் கரைத்து, பீத்துணி அலசி, ஒருநாள் கூட முகம் சுளிக்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டுக்காரி, தோளை விட்டுப் பாப்பாவைக் கீழே இறக்க மாட்டேன் என்றது.

பாப்பா பிறந்த பிறகு முதல் தடவையாகக் கரண்ட் போனது அக்கா வந்த பின்தான். மத்தியான நேரம், பாப்பா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. நான் பழக்க தோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீ வரவில்லை. அந்த நிசப்தத்தில்தான் தூளிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

அக்கா ஓடிப்போய்த் துணியை விலக்கியது. பாப்பாவுக்குத் தொண்டைக்குழி உள்ளே போய் வந்தது. அக்கா அவளைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தடவியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது. கரண்ட் வந்தது. தறி ஓடியது. சரியாகிவிட்டது என்று நினைத்தோம்.

அடுத்த தடவை கரண்ட் போனபோதும் அதே சத்தம். அதற்கடுத்த தடவையும். நாங்கள் என்ன முடிவுக்கு வந்தோம் தெரியுமா? இந்தப் பிள்ளைக்குக் கரண்ட் போனால் மூச்சு முட்டுகிறது என்று. சிரிக்காதே. ஃபேன் நின்று புழுக்கத்தில் வருகிறது என்றேன் நான். அக்கா வேறு சொன்னது.

"அது பொறந்ததுல இருந்து தறிச் சத்தத்துலயே வளந்த புள்ளைடா தம்பி. சத்தம் நின்னா பயந்துக்குது."

பயத்துக்கு மந்திரித்துக் கயிறு கட்டினோம். சளியாகவும் இருக்கலாமென்று குளிக்க வைத்து மூக்கில் எண்ணெய் விட்டு ஊதியது அக்கா. தினமும் சாம்பிராணிப் புகை. நான் கை விசிறி ஒன்று வாங்கித் தூளிக் கயிற்றில் மாட்டி வைத்தேன். பல்பு கொஞ்சம் மங்கினாலே இரண்டு பேரும் தூளிக்கு ஓடினோம். நீ காத்துக்கிடந்த நேரம், பூங்கொடி. அதைப் பார்த்து நாங்கள் பயப்பட ஆரம்பித்துவிட்டோம்.

ஒருநாள் பாப்பா பால் குடிக்க முடியாமல் பாதியில் விட்டுவிட்டு அழுதாள். அன்றைக்கே கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினோம். குழந்தை டாக்டர், வயசான அம்மா. பாப்பாவை மேசைமேல் படுக்க வைத்ததும் சத்தம் ஆரம்பித்துவிட்டது. அங்கே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"எப்ப இருந்துங்க இந்தச் சத்தம்?"

"கரண்ட் போறப்ப மட்டும் வருமுங்க" என்றேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் விவரமாகச் சொன்னேன். அக்கா கயிற்றைக் காட்டியது. அவர் சிரிக்கவில்லை.

"உங்க ஊடு எங்கீங்க?"

"சோமனூருங்க. ஊட்டோட ஒட்டித் தறிக்குடோன்."

"அப்பக் கரண்ட் இருந்தா தறி ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க."

"அப்பக் கரண்ட் இருக்கறப்ப உங்களுக்குக் கேக்கலைங்க. கொழந்தைக்கு எப்பவும்தான் இருந்திருக்குது."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. எனக்கு எதிரே இருந்த சுவர் கூடத் தெரியவில்லை. நீதான் தெரிந்தாய். பாப்பாவின் நெஞ்சில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அந்த இரைச்சலில், அந்த வீட்டில், உனக்கு மட்டும் இது கேட்டிருக்கிறதா? இதைத்தான் சொல்ல வைத்திருந்தாயா? இல்லை, சும்மா நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாயா? இனி எனக்கு யார் சொல்வார்கள்?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். குரல்வளை இன்னும் கெட்டிப்படாமல் மெத்தென்று இருக்கிறதாம். மூச்சு இழுக்கும்போது அது உள்ளே மடங்குவதால் சத்தம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடை பழகும் வயதுக்குள் தானாகப் போய்விடுமாம். அதோடு மூக்கும் அடைத்திருக்கிறது. பஞ்சுத் தூசி ஒரு பக்கம், சாம்பிராணிப் புகை ஒரு பக்கம்.

"மூக்குல எண்ணெய் ஊத்தாதீங்க, நெஞ்சுக்குள்ள எறங்கிரும். உப்புத் தண்ணிச் சொட்டு மருந்து எழுதித் தாரேன், பால் குடுக்கறதுக்கு முன்னால விடுங்க. குடிச்சதும் கொஞ்ச நேரம் நிமுத்தித் தோள்ல வெச்சிருங்க. தூளி வேண்டாம், கழுத்து மடங்குது. சத்தத்துக்குப் பயப்படாதீங்க. நெஞ்சு உள்ளார ஒட்டி இழுத்தாலோ, ஒதடு நீலமானாலோ, பால் எறங்காமப் போனாலோ மட்டும் ஒடனே தூக்கிட்டு ஓடியாங்க."

எழுந்து வரும்போது கடைசியாக ஒன்று சொன்னார். "தறி இல்லாத ஊடு எதாவது இருந்தா அங்க வளக்கப் பாருங்க. கேக்கறதுக்கும் ஆள் வேணுமுங்களே."

பஸ்ஸில் அக்கா பாப்பாவை நிமிர்த்தித் தோளில் போட்டபடியே வந்தது. வீட்டுக்கு வந்து, சாம்பிராணிக் கரண்டியைக் கழுவிப் பரண்மேல் தூக்கிப் போட்டது. அப்புறம் என்னைக் குடோனுக்கு வெளியே கூப்பிட்டுச் சொன்னது.

"நான் காரமடைக்கு எடுத்துட்டுப் போறேன் சாமி. அங்க ஊட்டச் சுத்தித் தோட்டம். ஒரு ஈ பறந்தாக் கூடக் கேக்கும்."

நான் வெடித்துவிட்டேன். ஒருத்தியைத்தான் எடுத்துப் போனீர்கள், இவளையும் எடுத்துப் போகிறீர்களா என்று அக்காவிடம் கத்தினேன். யாரை நினைத்து அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும். கேட்டதே போதும் போல, அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

தறியை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று யோசித்தேன். இதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? வேறு வீடு பார்க்கலாமென்றால் இந்த ஊரில் தறி கேட்காத வீடு ஏது? குடோன் சுவரில் இருந்த ஜன்னலை அடைத்துப் பார்த்தேன். மறுநாள் காலை பாப்பாவின் பாயைத் தொட்டால் அதே பஞ்சு. அவள் இமையில் ஒரு பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் எடுத்தபோதுதான் முடிவு செய்தேன். அவளுக்கு மூச்சு வேண்டும், எனக்கு அவள் வேண்டும். முதலாவதுதான் முதலில்.

நாளைக்குக் காலையில் போகிறார்கள்.

அக்கா உள்ளே பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறது. உன் பழைய சேலை ஒன்றையும் கேட்டது, பாப்பாவுக்குக் கீழே விரிக்க. அந்தப் பச்சைச் சேலையைக் கொடுத்தேன். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டது.

நான் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது குணமாக வேண்டும் என்று வேண்டாத சாமியில்லை. ஆனால் இன்னொன்றும் மனதில் வருகிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ கேட்டிருப்பாய் என்று நம்பி நானும் கேட்கிறதாக இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இந்தச் சத்தம் ஒன்றுதான். இவள் திரும்பி வரும்போது நடந்து வருவாள். அப்போது இது இருக்காது. நாளையிலிருந்து கரண்ட் போனால் இந்த வீட்டில் எதுவுமே கேட்காது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கரண்ட் போகிற நாளெல்லாம் நான் இங்கே இருக்க மாட்டேன். தறி நின்ற உடனே காரமடை பஸ்ஸில் இருப்பேன். போய் அவள் நெஞ்சில் காதை வைப்பேன், உனக்கும் சேர்த்து. அவளுக்குப் பேச்சு வந்த பிறகு, அவள் எதைச் சொல்ல வந்தாலும் கரண்ட் போகட்டும் என்று காத்திருக்க விட மாட்டேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

இதோ, கரண்ட் வந்துவிட்டது. பல்பு எரிகிறது. முதல் தறியை யாரோ ஓட்டிவிட்டார்கள். பாப்பாவின் வாய் திறந்து மூடுகிறது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் குனியப் போகிறேன்.

நீ கூப்பிட்டது பாதி கேட்டும் பாதி கேட்காமலும் உன்னோடு வாழ்ந்த,
உன் மகளின் அப்பன்