அத்தான் சொன்னதாக

ஜூலை 8, 2024, திங்கள்

இன்றும் ஷெட்டில் மூன்று வெல்டிங் மிஷின்கள் சும்மா நின்றன. மிஷினுக்கு ஒன்றுமில்லை, ஆள்தான் இல்லை. ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். இன்னொருவர் சிங்கப்பூர். மூன்றாமவர் போனையே எடுப்பதில்லை.

டைரக்டர் ராசப்பன் சார் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பிரான்சி, நீங்க எச்.ஆர். மேனேஜரா, இல்ல வழியனுப்பி வைக்கிற ஆளா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கொதிகலன் குழாய்களை ஒட்டுகிற வேலை. ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கென்று இருக்கும் டெஸ்ட்டில் தேறிய வெல்டர் மட்டும்தான் கை வைக்கலாம். திருவெறும்பூரிலிருந்து துவாக்குடி வரை எல்லாக் கம்பெனியும் அந்த ஒரு கூட்டத்தைத்தான் தேடுகிறது. நான் ஒருவரிடம் பேசப் போனால் பக்கத்துக் கம்பெனிக்காரர் பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

ஐ.டி.ஐ. முடித்தவர்களை எடுத்து நாமே பழக்கலாம் என்று போன வருஷம் சொன்னேன். "கத்துக்கிட்டு ஓடிடுவாங்க. அடுத்தவனுக்கு நாம ஏன் ஆள் தயார் பண்ணணும்?" என்றார் சார். அதோடு விட்டுவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து லூர்து அக்கா வீட்டில் சாப்பாடு. விரால் மீன் குழம்பு.

அத்தான் இன்று சந்தோஷமாக இருந்தார். அவருடைய சின்னப் பட்டறைக்கு ஒரு நல்ல ஆர்டர் வந்திருக்கிறது, தீபாவளி வரை வேலை இருக்குமாம். பேச்சு முழுக்கப் பூவரசன்தான். பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்தவன். அத்தான் பக்கத்தில் உட்கார வைத்து வேலை பழக்கி, தன் செலவில் டெஸ்ட்டுக்கும் அனுப்பினார். "அவன் ஒட்டுனா எக்ஸ்ரேகாரன் சும்மா பாத்துட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். அக்கா சிரித்தாள். "பெத்த பிள்ளையைக்கூட இப்படிப் புகழ்ந்ததில்ல."

நான் குழம்பைப் பிசைந்துகொண்டே எங்கள் ஷெட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா நிற்கிற மிஷின்களை.

ஜூலை 15, திங்கள்

கூடாது. அது கூடவே கூடாது.

ஜூலை 18, வியாழன்

ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் ஒரு வெல்டராவது வரவில்லையென்றால் உங்கள் இடத்துக்கு நான் ஆள் தேட வேண்டியிருக்கும் என்றார் சார். சிரித்துக்கொண்டே சொல்லவில்லை.

பூவரசன் நம்பர் என் போனில் இருக்கிறது. போன வருஷம் எங்கள் வீட்டு கேட்டைச் சரிசெய்ய அத்தான்தான் அவனை அனுப்பினார்.

ஜூலை 20, சனி

ஸ்ரீரங்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூவரசன் வாடகைக்கு இருப்பது அங்கேதான். அது மட்டுமா காரணம்? எங்கள் சர்ச்சுப் பங்கு ஆட்கள் யாரும் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் காபி குடிக்க வரமாட்டார்கள். அதுதான் காரணம். எழுதி வைக்கிறேன், இங்கேயாவது உண்மை இருக்கட்டும்.

சம்பளத்தைச் சொன்னேன். பி.எஃப்., மருத்துவக் காப்பீடு எல்லாம் சொன்னேன். பூவரசனுக்கு முகம் மலர்ந்தது, உடனே சுருங்கிவிட்டது. மனைவி மாசமாக இருக்கிறாள், பணம் வேண்டும். ஆனாலும் தலையை ஆட்டினான்.

"இல்லைங்க மேடம். அண்ணனை விட்டுட்டு எப்படி வர்றது? அவரு கையில இப்ப பெரிய ஆர்டர் இருக்கு. நான் இல்லன்னா வேலை நின்னுடும்."

அந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். காபி குடித்தாகிவிட்டது. எழுந்திருக்கலாம்தானே?

நான் சொன்னது இதுதான்: "அத்தான்கிட்ட பேசிட்டுத்தான் வந்திருக்கேன் பூவரசன். உங்களுக்கு நல்லது நடக்கட்டும்னு அவரேதான் சொன்னாரு. ஆனா நேர்ல சொன்னா அழுதுடுவாரு. நீங்களும் போய் அவர்கிட்ட எதுவும் கேட்டுக்காதீங்க."

எவ்வளவு சரளமாக வந்தது! யோசிக்கக்கூட இல்லை.

பூவரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணன் அப்படித்தாங்க" என்றான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சேர்ந்துவிட்டான். ராசப்பன் சார் என் மேஜைக்கே வந்து கை கொடுத்தார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மதியம் அக்கா போன் செய்தாள். "ஏய் பிரான்சி, பூவரசன் வேலைய விட்டுட்டான்டி. ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்துக் கடைப் பையன்கிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போயிட்டான். உங்க அத்தான் சாப்பிடவே இல்ல."

எந்தக் கம்பெனி என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"உனக்குத்தான் நாலு பேரைத் தெரியும். அவருக்கு ஒரு ஆள் பாத்துக் குடேன்" என்றாள். பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன் என்று சொன்னேன்!

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனேன்.

அத்தான் இப்போது தானே வெல்டிங் செய்கிறார். ஆனால் அவர் தேறிய டெஸ்ட் காலாவதியாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் ஒட்டுவதை ஆர்டர் கொடுத்தவர்கள் ஏற்க மாட்டார்கள். சில்லறை வேலைகள் மட்டும் செய்துகொண்டிருக்கிறார், கேட், ஜன்னல் கம்பி. கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது.

"போறவன் போகட்டும். எதுத்தாப்புல வந்து நின்னு அண்ணே போறேன்னு சொல்லியிருந்தா நானே பஸ் ஏத்தி விட்டிருப்பேன். அவன் போன் பண்றான் பிரான்சி. நான் எடுக்கல. எடுத்து என்ன பேசறது?"

அக்கா இன்னும் கொஞ்சம் சோறு போட வந்தாள். தட்டை மறைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஷெட் வாசலில் பூவரசன் நிறுத்திக் கேட்டான். "மேடம், அண்ணன் போனே எடுக்க மாட்டேங்கிறாரு. என் மேல கோவமா?"

"வேலை அதிகமா இருக்கும்" என்றேன்.

இரண்டு மனிதர்கள். நடுவில் நான் ஒருத்தி நின்று இந்தப் பக்கமும் பொய், அந்தப் பக்கமும் பொய்.

செப்டம்பர் 7, சனி

ஆர்டர் போய்விட்டது. தேறிய வெல்டர் இல்லாத பட்டறைக்கு வேலை தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அக்காதான் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

நாளை மாதா பிறந்தநாள். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்வது சுலபம். அவர் அத்தானிடம் சொல்ல மாட்டார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

கிரைண்டிங் ஆட்கள் இரண்டு பேரையும் அத்தான் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். பட்டறை ஷட்டர் பாதி இறங்கியே இருக்கிறது.

சொல்லிவிட வேண்டும். இந்த ஞாயிறு சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

சொல்லவில்லை. தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மாலை ஆறு மணி இருக்கும், அக்கா போன்.

அத்தான் பட்டறையில் வருஷா வருஷம் ஆட்கள் பூஜை போடுவார்கள். அத்தான் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபம் சொல்வார், அவர்கள் சந்தனம் குங்குமம் வைப்பார்கள், இரண்டும் நடக்கும். இந்த வருஷம் ஆட்களே இல்லை. ஆனால் பூவரசன் பொரி, கடலை, பூசணிக்காயோடு வந்து நின்றிருக்கிறான்.

அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் மிஷினுக்குச் சந்தனம் வைத்துவிட்டு, "ஏண்ணே, நீங்களே போகச் சொல்லிட்டு இப்ப பேசாம இருந்தா எப்படிண்ணே?" என்று கேட்டிருக்கிறான். யார் சொன்னது என்று அத்தான் கேட்டிருக்கிறார்.

அவ்வளவுதான். பூவரசன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவன் மேல் என்ன தப்பு?

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். "எங்க வீட்டுல சாப்பிட்டுட்டு எப்படிடி முடிஞ்சுது?" அது மட்டும்தான் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அத்தான் போனை வாங்கினார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"உன் வேலைக்கு ஆள் வேணும், கூட்டிட்டுப் போயிட்ட. அது ஊர்ல எல்லாரும் பண்றதுதான். நான் சொன்னேன்னு ஏன் சொன்ன? அந்தப் பையனை இத்தனை நாளா நன்றி கெட்டவன்னு நெனச்சுட்டு இருந்தேனே. அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

அத்தான், மன்னிச்சிருங்க அத்தான், மன்னிச்சிருங்க... சொன்னேனா, மனதுக்குள் நினைத்தேனா? தெரியவில்லை. போன் வைக்கப்பட்டிருந்தது.

அக்டோபர் 14, திங்கள்

பூவரசன் என் அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் அண்ணன்கிட்டயே திரும்பிப் போறேன்னு சொன்னேன் மேடம். அங்க இப்ப எனக்குக் குடுக்க வேலை இல்லன்னு அனுப்பிட்டாரு. இங்கயும் எனக்கு இருக்கப் பிடிக்கல. சிங்கப்பூர்க்குக் கேட்டிருக்காங்க, போறேன். அதை உங்க மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

'மூஞ்சிக்கு நேரா' என்பதை எனக்குக் குத்தட்டும் என்றுதான் சொன்னான்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்குப் பூ எடுத்துப் போனேன். அக்கா எனக்கு முன்பே வந்து மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஜெபத்தை இருவரும் ஒன்றாகத்தான் சொன்னோம், வார்த்தை பிசகாமல். முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 25, புதன்

யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

ஜனவரி 20, 2025, திங்கள்

மறுபடி மூன்று மிஷின் சும்மா. இன்னொருவரும் கிளம்பப்போகிறார், இன்னும் கொஞ்ச நாளில் நான்காகும்.

"வேற எந்தப் பட்டறையில நல்ல ஆள் இருக்கான்னு பாருங்க" என்றார் ராசப்பன் சார்.

மாட்டேன் என்றேன். என் குரலா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பூவரசனை எப்படிக் கூட்டி வந்தேன் என்பதையும் சொன்னேன். சார் கையை அசைத்தார். "அதெல்லாம் இந்த வேலையில சகஜம்மா. மனசுல வச்சுக்காதீங்க."

சகஜம் என்று சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "சார், நாம யாரையும் உருவாக்கல. சின்னப் பட்டறைக்காரங்கதான் வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்து ஆள் ஆக்குறாங்க. நாம போய்த் தூக்கிட்டு வர்றோம். பட்டறை மூடுது. அப்புறம் புது ஆள் எங்கிருந்து வருவான்? சிங்கப்பூர்க்காரன் நமக்குச் சொல்லிக் குடுத்து அனுப்புவானா?"

"பழக்கினா ஓடிடுவாங்கன்னு சொன்னேனே."

"பழக்காமலும் ஓடத்தானே சார் செய்றாங்க? பத்து பேரைப் பழக்குவோம். பாதிப் பேர் போனா போகட்டும், மீதிப் பேர் இருப்பாங்க. போறவங்களும் நம்மளப் பத்தி நல்லதாச் சொல்லுவாங்க."

யார் பழக்குவது என்று கேட்டார். அத்தான் அற்புதசாமி பெயரைச் சொன்னேன். அவர் பட்டறைக்கே ஐ.டி.ஐ. முடித்தவர்களை அனுப்பலாம், செலவு நம்முடையது, தேறியவர்களில் நமக்கு வேண்டியவர்களை அவரிடம் கேட்டு எடுக்கலாம், பட்டறைக்கு நிரந்தரமாக வேலையும் தரலாம் என்றேன்.

யோசிக்கிறேன் என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை.

இதை அத்தானுக்காகச் சொன்னேனா, என் மனப் பாரம் குறையவா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நல்ல காரியத்தில்கூட என் லாபம் ஒட்டிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சார் சம்மதித்துவிட்டார். சொல்லத்தான் போனேன். அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தான் வாசலுக்கு வந்தார். வா என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன், முதலில் மன்னிப்பு, பிறகு திட்டம்.

கேட்டுக்கொண்டார். "இது நல்ல யோசனைதான்" என்றார். என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"கம்பெனிலருந்து வேற யாராவது வந்து பேசட்டும். நான் செய்றேன். நீ நடுவுல வராத பிரான்சி. உன்மேல வஞ்சம் வச்சு சொல்லல. நீ சொல்றத இனிமே நம்ப முடியல, அவ்வளவுதான்."

சரி அத்தான் என்றேன். பஸ் ஸ்டாப் வரை நடந்த பிறகுதான் அழுகை வந்தது.

மார்ச் 12, புதன்

புரொடக்‌ஷன் மேனேஜர் தைரியராஜ் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். "நல்ல மனுஷன் மேடம். உங்க சொந்தக்காரராமே?" ஆமாம் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

பஸ்ஸில் போகும்போது பட்டறையைப் பார்த்தேன். ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. உள்ளே நீல வெளிச்சம். இறங்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

முதல் செட்டில் பாதிக்கு மேல் டெஸ்ட்டில் தேறிவிட்டார்கள். எங்கள் கம்பெனிக்கு முதலில் வந்தது கனிஷ்கா. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்த பெண்.

வேலை உத்தரவை முன்னால் வைத்துப் பேனா கொடுத்தேன். வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"கொஞ்சம் இருங்க மேடம். சார் போன் பண்ணட்டும்."

"எந்த சார்?"

"எங்க அற்புதசாமி சார்தான். எங்க வேலைக்குப் போனாலும் அவர் வாயால சரின்னு கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடணுமாம். சார் சொன்னாருன்னு வேற யார் வந்து சொன்னாலும் நம்பக் கூடாதாம். எல்லாருக்கும் அதைத்தான் மொதல்ல சொல்லுவாரு. என் போன்ல சார்ஜ் இல்ல, அதான் உங்க நம்பருக்குக் கூப்பிடறேன்னாரு."

அவளுக்கு எதுவும் தெரியாது. சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அத்தான் பெயர் திரையில்.

"பிரான்சியா?"

"ஆமா அத்தான்."

"சாப்பிட்டியா?"

எதிர்பார்க்கவில்லை. ம் என்றேன்.

"கனிஷ்காகிட்ட குடு."

கொடுத்தேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டாள். அவள் போனைத் திருப்பித் தந்தபோது அத்தான் வைத்துவிட்டிருந்தார். பேனாவை அவள் பக்கம் நகர்த்தினேன். கையெழுத்துப் போட்டாள்.