ஞாயிற்றுக்கிழமைக் கோடு

பிப்ரவரி 11
மூன்றாவது புகார். செருப்புத் தொழிற்சாலையின் பசைக் கொட்டகையில் மாட்டிய எங்கள் வாயுக் கருவி, வெயில் ஏற ஏற அலறுகிறதாம். மேலாளர் என் மேசையில் கையூன்றி நின்றார். "அது வாயை அடைக்க ஒரு வழி பண்ணும்மா. கழட்டி மூஞ்சில எறிஞ்சிடுவோம்னு மிரட்டுறாங்க."

அது பொய் சொல்லவில்லை. பிரித்துச் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். உள்ளே இருப்பது அரிசி மணியளவு படிகச் சில்லு. அதன் மேற்பரப்பில் ஓர் ஒலியலை ஓடிக்கொண்டே இருக்கும். பசையின் ஆவி மேற்பூச்சில் படிந்தால் அலை தளரும். சில்லு சூடானாலும் தளரும். வெப்பத்தை மட்டும் உணர, ஆவி படாமல் மூடிய இரண்டாவது சில்லு பக்கத்தில் வேண்டும். வரைபடத்தில் இருந்தது. பெட்டியில் இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12
நிரலில் நான்கு வரி சேர்த்தேன். சட்டென்று ஏறினால் ஆவி. மணிக்கணக்கில் மெல்ல ஏறினால் வெயில் — கழித்துவிடு. மேலாளர் "கெட்டிக்காரி" என்றார். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு ஏங்கியிருந்தேனா?

பிப்ரவரி 20
அலறல் இல்லை.

ஆகஸ்ட் 3
பெரியம்மா மகள் வந்திருந்தாள். அந்தக் கொட்டகையில்தான் அக்கா செருப்புக்கு அடி ஒட்டுகிறாள். மாடியேறி வந்தவளின் ஒரு காலில் செருப்பில்லை. கீழ்ப்படியிலேயே கழன்றிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை.

"ஊருக்கே செருப்பு ஒட்டுறேன், என் கால்ல ஒட்ட மாட்டேங்குது பாரு." சிரித்தாள். பிறகு, "முட்டிக்குக் கீழ மரக்கட்டை மாதிரி இருக்குடி."

பசை வாடையாலா என்றேன்.

"சேச்சே. சுவத்துல உன் பெட்டிதான் இருக்கே. பச்சை விளக்கு எரிஞ்சா ஜன்னலைச் சாத்திக்குவோம், பசையில தூசி ஒட்டாம. என் தங்கச்சி செஞ்சதுன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்குவேன்."

ஆகஸ்ட் 4
எதையும் கழிக்காத பதிவைத் திறந்தேன். திங்கள் முதல் சனி வரை, காலை எட்டிலிருந்து கோடு மெல்ல ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை, அதே வெயில், பூட்டிய கொட்டகை — கோடு லேசாகத் தலைதூக்கிப் படுத்துவிடுகிறது. வெயில் என்பது அந்த லேசான அளவுதான். மீதியெல்லாம் ஆவி; மெல்ல ஏறியதால் என் நான்கு வரி அதையும் வெயிலென்று கழித்திருக்கிறது. வெயிலை மட்டும் கழித்தால் மற்ற நாட்களில் பத்தரைக்கே அபாய எல்லை தாண்டிவிடுகிறது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்திருந்தால் போதும். ஏன்டி பாக்கல?

ஆகஸ்ட் 5
மேலாளர் கதவைச் சாத்தினார். "இருநூறு பெட்டி வெளிய இருக்கு. அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம். அதுவரைக்கும் மூச்சு விடாத."

தலையாட்டினேன். கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 7
அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"கொஞ்ச நாள் லீவு போடேன்."

"ஏன், நீ வந்து ஒட்டுறியா?"

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9
படித்த புத்தகங்களில், பேச வேண்டிய இடத்தில் பேசாதவர்களுக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் 'கோழை' என்று எழுதும் பழக்கம் எனக்கு உண்டு.

ஆகஸ்ட் 13
மாலையில் மருத்துவர் அக்காவைப் பார்த்தார். பசையின் ஆவி நரம்பைக் கெடுத்திருக்கிறது. போனதெல்லாம் திரும்பி வரும் என்று சொல்ல மாட்டாராம்.

அந்தக் கோட்டை அச்செடுத்த தாளோடு அவள் வீட்டுக்குப் போனேன். நான்கு வரி, ஞாயிற்றுக்கிழமை, மேலாளர் — எல்லாம் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"ஒன்பது நாளாச்சு."

விரல் விட்டு எண்ணினாள். "நடுவுல ஒரு ஞாயிறு. எட்டு நாள். இன்னைக்குக் காலையிலகூடப் போனேனே."

அவ்வளவுதான். தாளை மடித்து வைத்துக்கொண்டாள். எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்தாள்.

ஆகஸ்ட் 14
பதிவுகள் முழுவதையும் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். மதியம் எங்கள் நிறுவனத்தில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 2
விசாரணை. பதினொரு பெண்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து அக்காவுடையது. எதிர்த்தரப்பில் தொழிற்சாலை முதலாளி, கருவி செய்த நிறுவனம், மூன்றாவதாக நான்.

"இவங்கள்ல யாராவது உங்களுக்குச் சொந்தமா?" என்றார் அதிகாரி.

"முதல் கையெழுத்து. என் அக்கா."

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"அவங்ககிட்டயும் இதே கேள்வி கேட்டேம்மா. சொந்தம் யாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே."