மைலோ உதறவில்லை

14 ஜூன் 2025, சனி
முடிவு பண்ணிட்டேன். மெரினோ! உலகத்திலேயே மென்மையான கம்பளி. பழைய சிடியில் சாப்ஸ்டிக்கைச் செருகி நானே செய்த தக்களியில், ஆன்லைனில் வாங்கிய கையளவு மெரினோ நூலாக இறங்கும்போது என்ன ஒரு சுகம். கோலா கங்சார் பக்கம் பழைய ரப்பர் எஸ்டேட்டில் இராமசாமி மாமா இப்போ எண்ணெய்க்காக நட்டிருக்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் ஆடு வளர்க்கிறார். புல் இருக்கு, இடம் இருக்கு. ரெண்டே ரெண்டு மெரினோ ஆடு விட்டால் போதும்.

15 ஜூன்
மெரினோ கேன்சல். நூல் நூற்பவர்கள் குழுவில் கேட்டேன். நம்ம மழைக்கு அந்த அடர்த்தியான கம்பளி காயவே காயாதாம், ஈ முட்டை போடுமாம், தோல் அழுகுமாம். படம் வேறு போட்டார்கள். ஏன்தான் பார்த்தேனோ.

18 ஜூன்
கிடைச்சிருச்சு!! கல்ஃப் கோஸ்ட். அமெரிக்காவின் தெற்குக் கரையில் வெயிலிலும் சேற்றிலும் வளர்ந்த இனம். முகம், கால், வயிறு எல்லாம் மொட்டை, அதனால் சூடு தங்காது. குடல் புழுவையும் தாங்கும்.
ஃபேக்டரி ஓய்வு நேரத்தில் கூட வேலை செய்யும் பவித்ரனிடம் படம் காட்டினேன்.
"மேல ஜாக்கெட் போட்டுட்டு கால்ல சிலுவார் போட மறந்த மாதிரி இருக்குலா," என்றான். அப்புறம், "எப்படிக் கொண்டு வருவே? மோட்டார்ல பின்னால வச்சா?"
பர்மிட், விமானம், நோய் சோதிக்கும் தனிமைக் கொட்டகை, இதுக்கெல்லாம் காசுக்கு எங்கே போவேன்? ஜெலாப்பாங் ஃபேக்டரியில் கையுறை பேக் பண்ணுகிறவள் நான்.

22 ஜூன், ஞாயிறு
மாமா வீட்டுக்குப் போனேன். வேலிக் கம்பியில் ஒரு பழுப்புக் கொத்து மாட்டியிருந்தது. கம்பளி! மாமா வளர்ப்பது வெள்ளாடு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
"நம்ம நாட்டுச் செம்மறிதான். முடிய வெட்டிக் குழியில போட்டுருவேன்," என்றார் மாமா.
குழியிலயா!
மாலின் என்று பெயர். இந்த நாட்டு ஆடு. முகமும் கால்களும் மொட்டை, மழையும் வெயிலும் பழக்கம். நான் தேடியது எல்லாமே! பெட்டைகளின் முடி மட்டும் தேங்காய் நார்தான். ஆனால் ஒரு இளங்கிடா இருக்கிறான். மைலோ பானத்தின் நிறம், அதனால் மைலோ என்றே பெயர் வைத்துவிட்டேன்; நெற்றிவரை கம்பளி. ஒரு கொத்தை என் காதருகே பிடித்து இழுத்துச் சுண்டினேன். அறுந்து போகவில்லை, டிங் என்றது; உறுதியான இழை! விரல் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இவன் குட்டிகளுக்கும் இதே கம்பளி வந்தால்?
"மாமா, மைலோவ எனக்குக் குடுங்க."
மாமாவை முந்திக்கொண்டு முத்தம்மா அத்தை சொன்னார்: "அது முனியாண்டிக்கு நேர்ந்து விட்டதுடா துளசி. என் ஆப்பரேஷன் நல்லபடியா முடியணும்னு மாமா வேண்டிக்கிட்டாரு. ஆடியில வெட்டு."

23 ஜூன்
அத்தை பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தானே. அப்புறம் ஏன் அழறேன்?

13 ஜூலை
உயிர்தான் போகப்போகுது, கம்பளியாவது மிஞ்சட்டுமே. கத்தரியோடு போனேன். மாமா என் கையிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார்.
"நேர்ந்து விட்டதுல ஒரு மயிரு கொறையக் கூடாது. ஒனக்கு அது நூலு. எனக்கு அத்தையோட உசுரு."
கத்தியே சொன்னார். இதுவரை என்னிடம் கத்தியதில்லை. வெட்டினப்புறம் கம்பளியைத் தோலோடு சேர்த்துக் குழியில் போடுவாங்களாம். போங்க. எல்லாரும் போங்க.

3 ஆகஸ்ட், ஞாயிறு
முனியாண்டி கோவிலுக்குப் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். போனேன்.
மைலோவுக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் ஆடு உடம்பை உதறினால்தான் சாமி உத்தரவு. உதறாததை வெட்ட மாட்டார்கள். முதல் சொம்பு. மைலோ மாலையைத் தின்றுகொண்டிருந்தான். இரண்டாவது சொம்பு. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது.
அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிசுக்கு! தோலுக்கு ஒரு சொட்டுகூட இறங்கல. அன்னிக்கு மட்டும் நான் கம்பளியை வெட்டியிருந்தால், உதறியிருப்பான்... மாமா, நீங்க தெய்வம்.
மூன்றாவது சொம்பு. அசையவில்லை.
"சாமி கேக்கல. அவுத்து விடுங்க," என்றார் பூசாரி.
மாமா முகம் வெளுத்துவிட்டது. வேண்டுதல் நிறைவேறலியே, அத்தைக்கு என்ன ஆகுமோ என்று அவரையே பார்த்தார்.
"என்னா பாக்குறீங்க? கல்லு மாதிரிதானே நிக்கிறேன்? ஆட்டுக்குப் பதிலா சேவலப் புடிங்க," என்றார் அத்தை.
நான் அத்தை காதில், "அத்தை, அந்தக் கம்பளியில எண்ணெ..." என்று ஆரம்பித்தேன். தொடையில் ஒரு கிள்ளு.
"வாயத் தொறந்தே, சேவலுக்குப் பதிலா ஒன்னைத்தான்."

17 ஆகஸ்ட்
மைலோவைப் பெட்டைகளோடு விட்டாச்சு. கத்தரிக்கு மட்டும் மாமா இன்னும் சம்மதிக்கவில்லை. பரவால்ல. வேலியில் அவனே உரசிக் கழிப்பதைப் பொறுக்குகிறேன். இதுவரை அரைப் பை.

18 ஜனவரி 2026, ஞாயிறு
மாமா ஃபோனில் கூப்பிட்டார். எப்போதும் அத்தைதான் கூப்பிடுவார்.
"ரெட்டைக் குட்டி. ஒன்னு மைலோ கலரு."
நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிறகு மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்:
"குட்டியோட முடிய காதுகிட்ட வச்சு இழுத்துப் பாத்தேன். சத்தமே வரலியே? கோளாறா?"
"மாமா! பொறந்து ஒரு நாள்கூட ஆகல!"
"ஓ," என்றார். "அப்ப எப்ப வரும்?"