எல்லாம் ஒரே டிஸ்கில்

ஜூன் 4, புதன்

டைரக்டர் வந்து போனார். என் கணவரின் அண்ணன்தான். பட்டம் நானும் என் மகளும் கொடுத்தது. அவர் காதில் விழுந்தால் கோபப்பட மாட்டார், விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வார்.

ஒரு பை நிறையப் பழைய வீடியோ கேசட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் கொட்டினார். அடுத்த மாதம் அவருக்கு அறுபதாவது பிறந்தநாள். மண்டபம் பிடித்தாகிவிட்டது. இத்தனை வருடம் அவர் எடுத்துத் தள்ளிய குடும்பப் படங்கள் டிவிடியாக வேண்டும். விழாவில் போட்டுக் காட்ட ஒன்று, வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று.

"எல்லாம் ஒரே டிஸ்க்ல வந்துடணும்மா. ரெண்டாவது டிஸ்க்னு ஒண்ணு குடுத்தா எவனும் பார்க்க மாட்டான்."

முதல் டிஸ்கை எவன் பார்க்கப் போகிறான்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்த வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், ஆபீசில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறேனாம். நான் போடுவது சம்பளக் கணக்கு. பல் டாக்டரும் நாற்காலியில்தான் உட்கார வைக்கிறார் என்று அவரிடம் போய் முடி வெட்டிக்கொள்வாரா?

ஜூன் 7, சனி

கேசட்டை ஓடவிட்டால் வயர் வழியாகக் கம்ப்யூட்டரில் இறங்குகிறது. ஒரு மணி நேரப் படம் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். ஓட்டித் தள்ள வழியில்லை. டைரக்டரின் படைப்புகளை முழுசாகப் பார்த்த முதல் மனுஷி நான்தான். எடுத்தவரே பார்த்திருக்க மாட்டார்.

புதுக் காரின் நான்கு சக்கரங்கள், ஒவ்வொன்றாக. நான்காவதுக்கு வந்ததும் விளக்கம் வேறு: "இது பின்பக்கம் இடது." மிருகக்காட்சிச் சாலையில் ஒரு காலிக் கூண்டு. "இப்ப வரும்... இப்ப வரும் பாருங்க..." கடைசி வரைக்கும் வரவில்லை. புலிக்கு ரசனை இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துபோனது. மகள் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளை அழித்தேன். இப்போது வீட்டில் என்னுடன் யாரும் பேசுவதில்லை. ஒருவிதத்தில் நிம்மதி.

ஜூன் 12, வியாழன்

டைரக்டர் மேற்பார்வைக்கு வந்தார். புரிகிற மாதிரி சொல்லிப் பார்த்தேன் — ஒரு டிஸ்கில் இரண்டு மணி நேரப் படம் வைத்தால் பார்க்கிற மாதிரி இருக்கும். அதற்கு மேல் திணித்தால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். உங்களிடம் இருப்பது ஒரு நாள் பொழுதுக்கான படம். பெரும்பாலானதை வெட்டியே ஆக வேண்டும்.

"பெட்டியில துணி அடுக்கற மாதிரி அழுத்தி வைம்மா. மேல ஏறி உட்கார்ந்தா மூடிடும்."

இவர் என்றைக்குப் பெட்டி அடுக்கினார்? அடுக்கியது அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி. இவர் ஏறி உட்கார்ந்தார்.

அப்புறம் பெரிய மனது பண்ணி ஒன்றை வெட்டச் சம்மதித்தார். சக்கரத்தை அல்ல. கூண்டையும் அல்ல. "அவ பேசறது வர்ற இடமெல்லாம் எடுத்துடு. கீச்சுக் குரல். ரேடியோக்காரனே கேட்டுட்டு ஓடிப்போயிட்டான், தெரியும்ல?"

தெரியாமல் என்ன. நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் ஓடுகிற ஜோக். அக்கா, பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது வானொலி நிலையத்தில் செய்தி வாசிக்கக் குரல் தேர்வுக்குப் போய் வந்தார். பதிலே வரவில்லை. அவ்வளவுதான் கதை. இவர் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் சிரிப்பார்கள், அக்காவும் கூடச் சிரிப்பார். உண்மையில் அக்கா பேசினால் அடுத்த அறையில் இருப்பவர்கள் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். கேட்பதற்காக.

ஜூன் 15, ஞாயிறு

ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம், பழைய கேசட் ஒன்று. பிள்ளைகள் சோபாவில் குதிக்கிறார்கள், போன் அடிக்கிறது, டைரக்டர் கேமராவை எங்கோ வைத்துவிட்டுப் போகிறார். அணைக்க மறந்துவிட்டார். படத்தில் வெறும் சுவரும் ஒரு ஜன்னல் ஓரமும். வெட்டுவதற்கு அருமையான இடம் என்று கம்ப்யூட்டரின் கத்தரியைக் கொண்டு போனேன். அப்போதுதான் குரல் கேட்டது.

"ஆமா சார், அவ வீட்டுக்காரர்தான் பேசறேன்... அப்படியா? செலக்ட் ஆயிட்டாளா?... இல்ல சார், அவளுக்கு இப்ப இஷ்டமில்ல. ரேடியோவெல்லாம் சரிப்படாதுன்னு அவளே சொல்லிட்டா. வேற யாருக்காவது குடுத்துடுங்க... இல்ல இல்ல, அவ வீட்ல இல்ல."

ரிசீவரை வைக்கும் சத்தம். பிறகு உள்ளேயிருந்து அக்காவின் குரல், தெளிவாக: "யாருங்க போன்ல?"

"ராங் நம்பர்."

அடப்பாவி! வீட்டுக்குள்ளேதான் இருந்திருக்கா. பத்தடி தூரத்துல இருந்திருக்கா. அவளை இல்லைன்னு சொல்லிட்டு, அப்புறம் இத்தனை வருஷமா ஊரைக் கூட்டி வெச்சு ஓடிப்போயிட்டான் ஓடிப்போயிட்டான்னு — அதுக்கு அவளையே சிரிக்க வேற வெச்சு — என்ன ஜென்மம்டா இது?

ஜூன் 16, திங்கள்

என் கணவரிடம் போட்டுக் காட்டினேன். பார்த்தார். தாடையைத் தடவினார். "விழா நேரத்துல இது எதுக்கு? அழிச்சிடு. அவங்களுக்கும் வயசாயிடுச்சு, இனிமே தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

அண்ணனுக்கு ஏற்ற தம்பி. ஒரே வித்தியாசம், இவரிடம் கேமரா இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

சொன்னால் ஒரு குடும்பம் உடையும் என்கிறார் இவர். சொல்லாவிட்டால்? உடைந்ததைத் துணி போட்டு மூடி வைத்ததாக ஆகும். நான் யார் இதை முடிவு செய்ய? ஆனால் அழிப்பதும் ஒரு முடிவுதானே.

ஜூன் 19, வியாழன்

லீவு போட்டேன். அக்காவைக் கூப்பிட்டேன், வந்தார். சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, ஒரு கேசட்ல உங்களைப் பத்தி ஒண்ணு இருக்கு. நல்லதில்ல. பார்க்கறீங்களா, அழிச்சிடட்டுமா?" என்றேன்.

"போடு" என்றார்.

பார்த்தார். சுவரையும் ஜன்னலையும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை. சத்தத்தைக் கூட்டு." அழுவார் என்று டம்ளரில் தண்ணீரோடு அசட்டுத்தனமாக நின்றுகொண்டிருந்தேன். அழவில்லை.

"அன்னிக்கு நான் பின்கட்டுல துணி காயப் போட்டுட்டு இருந்தேன்" என்றார். அப்புறம், "செலக்ட் ஆயிட்டாளான்னு கேட்டாரே, அப்ப குரல்ல ஒரு ஆச்சரியம் இருந்தது, கவனிச்சியா?"

டம்ளரை மேசையில் வைத்தேன்.

"விழா டிஸ்கை அவர் கேட்ட மாதிரியே பண்ணிக் குடு. சக்கரம், கூண்டு, எல்லாம் இருக்கட்டும். எல்லார் முன்னாடியும் இது வேண்டாம். பிள்ளைங்களுக்கு அசிங்கம். இதை மட்டும் தனியா ஒரு டிஸ்க்ல போடு. நானும் அவரும் பார்த்துக்கறோம்."

"இத்துனூண்டுதான் அக்கா. டிஸ்க்ல ஒரு மூலைக்குக்கூட வராது."

"வரலேன்னா என்ன? மீதி சும்மா கிடக்கட்டும்."

சுருக்கவே இல்லை. இருக்கிற தரத்தில் அப்படியே எழுதினேன். டைரக்டரின் காவியத்துக்குக் கிடைக்காத சொகுசு.

ஜூன் 28, சனி

காவியம் முடிந்தது. இரண்டு டிஸ்க் பாதியில் நின்று பாழ். மூன்றாவதில் ஏறியது. எல்லாரையும் அழுத்தி அடைத்ததில் மாமியார் முகம் செங்கல் சுவர் மாதிரி வந்திருக்கிறது. காரின் சக்கரங்கள் மட்டும் பளிச்சென்று.

ஜூலை 12, சனி

விழா நடந்தது. படம் ஓடத் தொடங்கியதும் பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில், மீதிப் பேர் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு. டைரக்டர் மைக் பிடித்தார்: "நான் எடுத்தப்போ தெளிவாத்தான் இருந்தது. டிஸ்க் பண்ணினவங்க கெடுத்துட்டாங்க." என்னைப் பார்த்துச் சிரிப்பு. ரேடியோ ஜோக்கும் உண்டு, தவறாமல். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார்.

ஜூலை 14, திங்கள்

ஆபீசுக்கு அக்கா போன் செய்தார். நேற்றுக் காலை, வீட்டில் இருவர் மட்டும் இருந்தபோது, அந்தச் சின்ன டிஸ்கைப் போட்டிருக்கிறார். எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மனுஷன் முழுசாகக் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னார்?"

"கேமரா அணைக்காமலே ஓடியிருக்கே, பேட்டரி வேஸ்ட்னார்."

சம்பளக் கணக்கைத் தள்ளி வைத்தேன். அக்கா தொடர்ந்தார்.

"மன்னிப்புக் கேட்பார்னு நினைக்கல. சண்டை போடுவார்னு நினைச்சேன். நான் ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமான்னு ஒரு பொய்யாவது சொல்வார்னு நினைச்சேன். அதுக்குக்கூட நான் லாயக்கில்ல போலிருக்கு."

குரல் அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

இவர் அண்ணனைப் பார்க்கப் போய் வந்தார். அண்ணன் நல்லாத்தான் இருக்காராம். அவர் எப்படி இருக்கிறார் என்று யார் கேட்டது?

ஆகஸ்ட் 9, சனி

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் ஒரு நிலையம், எங்கள் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி. அக்கா தானாகவே விசாரித்துப் போயிருக்கிறார். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்களாம். பக்கம் முடிந்த பிறகும் நிறுத்தச் சொல்ல மறந்து கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். வாரத்தில் ஐந்து நாள் வரச் சொல்லிவிட்டார்கள். அக்கா முன்னெச்சரிக்கையாக வீட்டு நம்பரைக் கொடுக்கவில்லை. என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

செப்டம்பர் 3, புதன்

டைரக்டர் ஆபீசுக்கே போன் போட்டார். நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

"ஏம்மா, வாஷிங் மெஷின்ல சோப்புத் தூள் எந்தப் பக்கம் போடறது?"

"அக்காவைக் கேளுங்களேன்."

"அவ காலையிலேயே போயாச்சு. ரெக்கார்டிங் நடக்கும்போது அவளைப் போனுக்குக் கூப்பிட மாட்டாங்களாம்."

சொல்லிக் கொடுத்தேன். மூன்று முறை. எழுதிக்கொள்கிறேன் இரு என்று பேனா தேடினார். மெஷின் கதவை மூடியதும் தண்ணீர் இறங்கும் சத்தம் போனில் கேட்டது. "ஓடுது! ஓடுதும்மா!" என்றார், ஏதோ புலியே வந்துவிட்ட மாதிரி.

வெள்ளைத் துணியோடு சிவப்பைச் சேர்க்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லையே.