வேலிக்குள் பொங்கிய பானை

நானாட்டான்
மார்கழி, 2014

அன்புத் தம்பி சிங்கராசாவுக்கு அக்கா மனோன்மணி எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டது. வயல் தப்பிவிட்டது. கனடாக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

தொலைபேசியில் சொன்னால் நீ கொதித்துப்போய் அதையும் முகநூலில் எழுதிவிடுவாய். அதனால்தான் கடிதம். இதையும் படமெடுத்துப் போட்டுவிடாதே.

போன தைப்பொங்கலுக்கு எங்கள் பிள்ளையார் வாசலில் நான் பொங்கிய படத்தை நீ பார்க்கவென்றுதான் அனுப்பினேன். கோயிலும் எங்கள் வீட்டு வளவும் இன்னும் ஆமி முகாமுக்குள்தானே இருக்கின்றன. மேலிடத்துக்குத் தெரியாமல் என்னை உள்ளே விட்டவன், காவலுக்கு நின்ற ஒரு சிங்களப் பெடியன். “அக்கா, கெதியா வாங்கோ” என்று அவசரப்படுத்தி, கிணற்றில் தண்ணீரும் அள்ளித் தந்தான். நீ கார்த்திகையில் அந்தப் படத்தைப் போட்டு, ‘ஆக்கிரமிப்புக்குள் பொங்கிய வீரத் தமிழச்சி’ என்று எழுதினாய். வீரத் தமிழச்சி முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறாள். படத்தின் ஓரத்தில் வாளியோடு அவன் நின்றதை நீ கவனிக்கவில்லை. முகாமில் கவனித்தார்கள். அவனை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். இந்தத் தைக்கு யாரையும் உள்ளே விடமாட்டார்களாம்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்தவற்றை முன்வீட்டுப் பிள்ளை ஹம்சிகா வாசித்துக் காட்டினாள். ஆயிரக்கணக்கானோருக்குப் பிடித்திருக்கிறதாம். நான் ஆமியிடம் கையேந்தியது கேவலம் என்று பாரிசிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குக் கோபம்கூட வரவில்லை தம்பி, அலுப்புத்தான் வந்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வளவுச் சிவராணி செத்துப்போனாள் என்று அழுதோமே, அவள் வவுனியாவில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். கோயில் மணியை அடையாளம் கண்டு, பஸ் ஏறி வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் காணி கேட்டு முகாம் வாசலில் இதுவரை நான் தனியாகத்தான் நின்றேன். இப்போது அவளும் வருகிறாள். கால் கடுத்தால் ஒருத்தி இருக்க, மற்றவள் நிற்கலாம்.

அதனால் படத்தை எடுத்துவிடாதே. இன்னும் யாராவது பார்த்து வரக்கூடும். அந்தப் பெடியனை மட்டும் வெட்டிவிடு. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை.

இந்த முறை நானும் சிவராணியும் வேலிக்கு வெளியே, றோட்டோரத்தில் பொங்கப்போகிறோம். படம் அனுப்பச் சொல்லாதே. முடிந்தால் ஒருமுறை வந்து பக்கத்தில் நில். முடியாவிட்டால், கம்பிக்குள் இருக்கிற பிள்ளையார் உன்னை அங்கே காக்கட்டும்.

உன் அக்கா
மனோன்மணி