பர்மாவில் பிறந்தவளுக்கு நான் சொன்ன சாட்சி

அக்கா, இன்று தபாலாபீசில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் மை அட்டையில் கட்டைவிரலை அழுத்தினார். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்துவிட்டது. வாங்க வந்த கார்டை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து, திண்டிவனத்தில் எங்கள் மல்லாட்டை மண்டிக்கு நிலக்கடலைத் தோலுரிக்க நீ வந்த முதல் நாளே வம்புக்கு இழுத்தேன். "இன்னாக்கா, ஊட்டுக்காரரு கைலிய நீ கட்டிக்கினு வந்துட்டியா?" நீ மல்லாட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாண்டி, அவரு என் சேலைய கட்டிக்கினு ஊட்ல இருக்காரு." மண்டியே சிரித்தது. அன்றைக்கே நீ எனக்கு அக்காவாகிவிட்டாய்.

உன் மகள் செல்வி அங்கே பத்தாவது முடித்தவள். விழுப்புரம் காலேஜில் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினோம். சர்டிபிகேட்டைப் பார்த்த கிளார்க் உதட்டைப் பிதுக்கினார். அதில் இருந்த பெயர் மா கின் வின். அகதி அட்டையில் செல்வி. அங்கே பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பர்மாப் பெயர் வைப்பார்கள் என்று நீ சொன்னது அவர் காதில் ஏறவில்லை. இரண்டு பெயரும் ஒருத்தியுடையதுதான் என்று தாலுகா ஆபீசில் எழுதி வாங்கி வரச் சொன்னார். அதற்கு ஒரு சாட்சி வேண்டும். மூன்றாவதோடு நின்ற நான்தான் மார் தட்டிக்கொண்டு வந்தேன்.

"இந்தப் பொண்ண எத்தினி வருஷமா தெரியும்?" என்று கேட்டார் ஆபீசர். வருஷம் கூடினால் சாட்சிக்கு பலம் என்று நினைத்தேன். "பொறந்ததுலேர்ந்து சார்."

"எங்க பொறந்தா?"

உன் அப்பா ஊர்தான் வாயில் வந்தது. "கோலியனூர்ல. நான்தான் பக்கத்துல இருந்தேன்."

நீ என் தொடையைக் கிள்ளினாய். அதற்குள் அவர் எழுதி, மை அட்டையில் என் கட்டைவிரலையும் அழுத்தி வாங்கிவிட்டார். "கோலியனூர்ல பொறந்தவளுக்கு பர்மா சலுகை எதுக்கும்மா?"

"ஐயோ சார், நான் சொன்னது பொய் சார்!"

"அப்ப ரெண்டு பேரும் ஒருத்தியோடதுன்னு சொன்னியே, அதுவும் பொய்தானே?"

வெளியே வந்ததும் நீ திட்டுவாய் என்று தலை குனிந்து நின்றேன். "ஏண்டி, வலி எனக்கு, பக்கத்துல இருந்தது நீயா?" என்று சிரிக்க ஆரம்பித்தாய். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. சர்டிபிகேட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாய்.

அதற்குப் பிறகு அந்த ஆபீசரை எத்தனை முறை போய்க் கும்பிட்டோம்! ரங்கூன் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட கடிதங்களுக்குப் பதிலே இல்லை. காலேஜில் சேர்க்கும் நாள் தாண்டியது. அடுத்த வருஷம் செல்வி டீச்சர் டிரெய்னிங்குக்கு மனுப் போட்டாள். கோலியனூர் என்று ஆபீசர் எழுதிய அந்த எழுத்து அங்கேயும் போய் முன்னால் உட்கார்ந்திருந்தது. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம், அக்கா.

செல்வி இப்போது உன் இடத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிறாள். மூட்டைச் சீட்டில் இங்கிலீஷ் இருந்தால் முதலாளியே அவளைத்தான் கூப்பிடுகிறார். புதிதாக வருகிறவர்கள், "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் "ரங்கூன்" என்று முந்திக்கொள்கிறாள். சொல்லும்போது என் பக்கம் திரும்புவதில்லை. நான் பக்கத்திலேயே குனிந்து உரித்துக்கொண்டிருக்கிறேன்.